இழுக்காமலே சூடேறும் வேப்: மூச்சால் இயங்கும் கருவி ஏமாறுவது ஏன், அதைத் தடுப்பது எப்படி?

2014 ஆகஸ்ட் 9 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் லோகன் விமான நிலையத்தில் ஒரு விமானத்தின் சரக்கு அறையில் தீப்பிடித்தது. பயணிகளை அவசர அவசரமாக வெளியேற்றினார்கள். சரக்கில் போட்டிருந்த ஒரு பெட்டிக்குள் இருந்த இ-சிகரெட்தான் (வேப் என்பதும் இதைத்தான்) காரணம் என்று பிறகு தெரிந்தது. 2015 ஜனவரி 4 அன்று லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் இன்னொரு சம்பவம். தாமதமாக வந்து இணைப்பு விமானத்தைத் தவறவிட்ட பெட்டி ஒன்று, பெட்டிகள் வைக்கும் பகுதியில் எரிந்துகொண்டிருந்தது. அதற்குள்ளும் அளவுக்கு மீறிச் சூடான ஓர் இ-சிகரெட். அந்த ஜனவரியிலேயே அமெரிக்க மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம் இந்த இரண்டையும் சுட்டிக்காட்டி விமான நிறுவனங்களை எச்சரித்தது. அதே ஆண்டு அக்டோபரில், சரக்கில் போடும் பெட்டிகளில் இ-சிகரெட் வைக்கவே கூடாது என்று விதி வந்தது.

பெட்டிக்குள் கருவியை வாயில் வைத்து இழுக்க யாரும் இல்லை. பிறகு அது எப்படிச் சூடேறும்? பேட்டரியே கெட்டுப்போய்த் தீப்பிடிக்கலாம். அல்லது, சூடேற்றும் கம்பி தானாக இயங்க ஆரம்பிக்கலாம். இந்தக் கட்டுரை இரண்டாவது வகையைப் பற்றியது. அதிலும் குறிப்பாக, பொத்தானே இல்லாமல், மூச்சை இழுத்தாலே இயங்குகிற கருவிகளைப் பற்றியது. வேப் உலகத்தில் புழங்குபவர்கள் இந்தக் கோளாறை ‘ஆட்டோ ஃபயரிங்’ என்பார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிகோடின் அடிமைப்படுத்தும் பொருள். வேப் பிடிக்காதவர்கள் அதைத் தொடங்க எந்தக் காரணமும் இல்லை. இந்தியாவில் 2019-ஆம் ஆண்டின் சட்டம் இதன் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, சேமிப்பு, விளம்பரம் எல்லாவற்றையும் தடை செய்கிறது. சிங்கப்பூரில் 2018 பிப்ரவரியிலிருந்து கையில் வைத்திருப்பதே குற்றம். ஆனால் பிரிட்டனிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் நம் உறவினர் வீட்டு மேசையில், பிள்ளைகளின் பையில், விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரரின் சட்டைப்பையில் இது இருக்கிறது. எப்படி இயங்குகிறது, எப்படித் தவறுகிறது என்று தெரிந்துகொள்வது பிடிக்காதவர்களுக்கும் பயன்படும்.

உள்ளே என்ன இருக்கிறது?

அமைப்பு எளிமையானது. ஒரு லித்தியம்-அயன் பேட்டரி, ஒரு சிறிய சூடேற்றும் கம்பிச்சுருள், அதைச் சுற்றித் திரவத்தில் ஊறிய பஞ்சு, இடையில் ஒரு சுவிட்ச். கம்பிச்சுருளைக் காயில் என்பார்கள். திரவம் பெரும்பாலும் புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் கலந்தது. சுவிட்ச் இயங்கினால் காயில் சூடாகிறது, திரவம் ஆவியாகிறது.

அந்த சுவிட்சை யார் இயக்குவது என்பதில்தான் இரண்டு வகை. பெரிய கருவிகளில் பொத்தான் இருக்கும், அழுத்தினால்தான் சூடாகும். அவற்றில் பொத்தானை வேகமாக ஐந்து முறை அழுத்தினால் பூட்டிக்கொள்கிற வசதி வெகுகாலமாக இருக்கிறது. திரவமும் காயிலும் அடங்கிய சிறு குப்பியை (பாட்) செருகிப் பயன்படுத்தும் சிறிய பாட் வகைகளிலும், பயன்படுத்தித் தூக்கிப்போடுகிற டிஸ்போசபிள் வகைகளிலும் பொத்தானே கிடையாது. வாயில் வைத்து இழுத்தால் போதும். சீன மருந்தாளுநர் ஹான் லிக் 2003-இல் உருவாக்கிய நவீன இ-சிகரெட்டும் சிகரெட்டைப் போலவே இழுத்ததும் புகைபோன்ற ஒன்று வரவேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்ததுதான். பழக எதுவும் இல்லை என்பதால்தான் இந்த வகை இவ்வளவு பரவியது. பூட்டிவைக்கவும் எதுவும் இல்லை என்பது அதே வசதியின் மறுபக்கம்.

ஒரு டிஸ்போசபிள் வேப்பைத் திறந்தால், பேட்டரிக்குக் கீழே, சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக, சுமார் 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வெள்ளி நிற உலோக வில்லை இருக்கும். பார்க்க செல்போன் ஹெட்செட்டுக்குள் இருக்கும் மைக் மாதிரியே இருக்கும். தொழிலில் இருப்பவர்களும் அதை மைக் என்றுதான் சொல்கிறார்கள். அதன் முதுகிலிருந்து மூன்று வயர்கள் வரும்: பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் ஒவ்வொன்று, காயிலுக்கு ஒன்று. வில்லையைச் சுற்றி மிருதுவான சிலிக்கோன் ரப்பர் உறை. மலிவான கருவிகளில் மொத்த மின்னணுவியலும் இவ்வளவுதான். உணர்வது, முடிவெடுப்பது, மின்சாரத்தைத் திறந்துவிடுவது என்று மூன்று வேலையையும் அந்த 6 மில்லிமீட்டர் வில்லையே செய்கிறது. இதுதான் கருவியின் உணரி (சென்சார்).

உணரிக்கு என்ன தெரியும்?

இளநீரை ஸ்ட்ரா போட்டு இழுக்கும்போது நம் வாய் இளநீரைப் பிடித்து இழுப்பதில்லை. வாய்க்குள் காற்றழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கிறோம். வெளியே இருக்கும் காற்று இளநீரை மேலே தள்ளுகிறது. வேப்பிலும் இதேதான் நடக்கிறது. இழுக்கும்போது கருவிக்குள் காற்று செல்லும் பாதையில் அழுத்தம் சில நூறு பாஸ்கல் குறைகிறது. வெளிக் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் சுமார் 1,01,325 பாஸ்கல். அதோடு ஒப்பிட்டால் இந்தக் குறைவு அரை சதவீதத்துக்கும் கீழே.

இந்தச் சின்னக் குறைவைக் கண்டுபிடிக்க வில்லைக்குள் மிக மெல்லிய ஒரு சவ்வும், அதற்கு எதிரே ஒரு தட்டும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. இவை இரண்டும் சேர்ந்து ஒரு மின்தேக்கி ஆகின்றன. சவ்வு அசைந்தால் இடைவெளி மாறும், மின்தேக்குத் திறன் மாறும். பின்னால் இருக்கும் சிறிய சிப் அந்த மாற்றத்தை இடைவிடாமல் அளந்துகொண்டே இருக்கிறது. மாற்றம் குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால், “யாரோ இழுக்கிறார்கள்” என்று முடிவுசெய்து காயிலுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடுகிறது.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். இந்தச் சிப்புக்கு வாய் தெரியாது, உதடு தெரியாது, நுரையீரல் தெரியாது. ஓர் எண் மாறியது மட்டும்தான் தெரியும். அந்த எண்ணை மூச்சும் மாற்றலாம், வேறு எதுவும் மாற்றலாம். தவறான இயக்கம் என்ற பிரச்சினை முழுவதும் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

சரி, காற்றழுத்தம்தான் விஷயம் என்றால் லிஃப்டில் ஏறினால் இயங்கிவிடாதா? நியாயமான கேள்வி. கடல்மட்டத்துக்கு அருகே சுமார் 8 மீட்டர் உயர்ந்தால் அழுத்தம் 100 பாஸ்கல் அளவுக்குக் குறைகிறது. முப்பது மாடி ஏறினால் 1,000 பாஸ்கலுக்கும் மேல். ஓர் இழுப்பு உண்டாக்குவதைவிட இது அதிகம். ஆனாலும் லிஃப்டில் எல்லாருடைய வேப்பும் புகைவதில்லை. ஏனென்றால் சவ்வு அழுத்தத்தை அளப்பதில்லை. தன் இரண்டு பக்கங்களுக்கும் இடையிலான வித்தியாசத்தை அளக்கிறது. ஒரு பக்கம் இழுக்கும் பாதையைப் பார்க்கிறது, மறுபக்கம் வெளிக்காற்றைப் பார்க்கிறது. லிஃப்டில் இரண்டு பக்கமும் ஒன்றாகவே குறைகின்றன. சவ்வு அசையாது. இழுக்கும்போது மட்டும் ஒரு பக்கம் குறைந்து மறுபக்கம் அப்படியே இருக்கிறது.

ஆக, அந்த சிலிக்கோன் உறையும், வெளிக்காற்றுக்கான சின்னத் துளையும் அலங்காரம் அல்ல. துளை அடைபட்டால் ஒரு பக்கத்துக் காற்று உள்ளேயே சிறைபட்டுவிடும். அப்போது உயரம் மாறினாலும், வெயிலில் சூடானாலும் சவ்வு ஒரு பக்கமாக உப்ப ஆரம்பிக்கும். சட்டைப்பை நூலும் தூசியும் சேர்ந்தாலே இது நடக்கலாம். ஒரு நல்ல வடிவமைப்பாளர் முதலில் கவலைப்பட வேண்டியது இந்தத் துளையைப் பற்றித்தான் என்பேன்.

இன்னொரு பயமும் பலருக்கு உண்டு: மைக் மாதிரி என்கிறீர்களே, சத்தத்துக்கு இயங்கிவிடாதா? வாய்ப்பில்லை. சாதாரணப் பேச்சு காதருகே உண்டாக்கும் அழுத்த மாறுதல் ஒரு பாஸ்கலில் நூறில் சில பங்குதான். காது வலிக்கும் 110 டெசிபல் கச்சேரி ஸ்பீக்கர்கூட 6 பாஸ்கலைத்தான் தொடும். 100 பாஸ்கல் என்றால் 134 டெசிபல் ஆகிவிடும். அந்தச் சத்தத்தில் நாம் வேப்பைப் பற்றிக் கவலைப்பட மாட்டோம்.

அப்படியானால் எது ஏமாற்றுகிறது?

முதல் குற்றவாளி ஈரம். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் அழுத்த மாற்றத்தையே சந்தேகிக்கிறார்கள். ஆவி குளிர்ந்து பாதையின் சுவர்களில் துளிகளாகப் படியும். பாட் கசியும். அந்தத் திரவம் கீழே வழிந்து வில்லைக்குள் போய், சவ்வுக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு துளி நுழைந்தால் போதும். மின்தேக்குத் திறன் இடைவெளியில் என்ன பொருள் இருக்கிறது என்பதையும் பொறுத்தது. அந்தப் பொருள் இந்தத் திறனை எத்தனை மடங்காக்கும் என்ற மதிப்பு காற்றுக்கு 1. புரோப்பிலீன் கிளைக்காலுக்கு சுமார் 30, கிளிசரினுக்கு 40-க்கும் மேல். எனவே ஒரு துளி உள்ளே போனால் எண் தாறுமாறாகத் தாவும். சிப்பின் கண்ணுக்கு அது பிரம்மாண்டமான ஓர் இழுப்பு. அதுவும் முடிவே இல்லாத இழுப்பு, ஏனென்றால் அந்தத் துளி சீக்கிரம் காயாது.

விமானத்தில் நடப்பதும் பெரும்பாலும் இதன் வழியாகத்தான். பறக்கும்போது பயணிகள் அறையின் அழுத்தம் சுமார் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பது போல, 75,000 பாஸ்கல் அளவுக்கு இறங்கலாம். சவ்வு இதைச் சமாளித்துவிடும் என்று மேலே பார்த்தோம். ஆனால் பாட்டுக்குள் திரவத்துக்கு மேலே அடைபட்டிருக்கும் காற்றுக்குமிழி அப்போது மூன்றில் ஒரு பங்கு விரிகிறது. விரிகிற குமிழி திரவத்தைப் பஞ்சு வழியாகப் பாதைக்குள் தள்ளுகிறது. விமானம் இறங்கியபின் பையிலிருந்து எடுத்தால் பிசுபிசுப்பாக இருக்கும். அந்தப் பிசுபிசுப்பு மைக் வரை போயிருந்தால் கருவி தானாகவே எரிய ஆரம்பிக்கலாம். காரணம் உயரம், ஆனால் கையாள் கசிவு.

இரண்டாவது காற்று. வேப்பின் வாய்ப்பகுதிமீது வேகமாகக் காற்று பாய்ந்தால் அங்கே அழுத்தம் குறையும். ஓடும் காரின் திறந்த ஜன்னலருகே, பைக்கில் போகும்போது சட்டைப்பையில் வாய்ப்பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இது நடக்கலாம். தட்டினாலோ கீழே விழுந்தாலோ வருவது மில்லி வினாடிகளில் முடிந்துவிடும் அதிர்ச்சி. இந்தக் காற்றோ தொடர்ந்து அடிக்கும். உண்மையான இழுப்பைப் போலவே தோற்றம் தரும் என்பதால் இதைப் பிரித்தறிவது கடினம்.

மூன்றாவது, அதிகம் யோசிக்காத ஒன்று: பாட்டைச் செருகுவதும் பிடுங்குவதும். இறுக்கமாகப் பொருந்தும் பாட்டை உள்ளே தள்ளும்போது அங்கிருக்கும் காற்று அமுங்குகிறது. வெளியே இழுக்கும்போது உறிஞ்சல் உண்டாகிறது. உணரியைப் பொறுத்தவரை இது அப்பட்டமான ஓர் இழுப்பு.

வெப்பநிலை, ஈரப்பதம், வயது ஆகியவற்றால் வரும் மெதுவான நகர்வும் உண்டு. குளிர்ந்த காரிலிருந்து கதகதப்பான வீட்டுக்குள் வந்தாலே எண் கொஞ்சம் நகரும். ஒரே நாளில் பெரிதாகத் தெரியாது, ஆனால் எல்லைக்கு மிக அருகே அமைத்த கருவியில் அந்தக் கொஞ்சம் போதும்.

“இது மூச்சா?” என்று கேட்கும் கலை

எல்லையை உயர்த்தி வைத்தால் தீர்ந்துவிடாதா என்று தோன்றும். உயர்த்தினால் தவறான இயக்கம் குறையும், ஆனால் மெதுவாக இழுப்பவருக்கு இயங்காது. அவர் கடினமாக இழுக்கப் பழகுவார், அல்லது வேறு கருவிக்கு மாறுவார். அதனால் சந்தைப் போட்டி எல்லையைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். எல்லை ஒன்றை மட்டும் நம்பினால் பாதுகாப்பும் விற்பனையும் எப்போதும் எதிரெதிரே நிற்கும். ஆகவே எல்லையோடு வேறு கேள்விகளையும் சேர்க்க வேண்டும்.

முதல் கேள்வி நேரம். மனிதன் இழுக்கும்போது அழுத்தம் படிப்படியாக இறங்கி, சில வினாடிகள் நின்று, மறுபடி ஏறும். ஆய்வுக்கூடத்தில் வேப்களைச் சோதிக்கும் இயந்திரங்களுக்கான தர முறையில் ஓர் இழுப்பு என்பது 3 வினாடியில் 55 மில்லிலிட்டர். கீழே விழும்போதும் கார் கதவை அறையும்போதும் வருவது ஒரு கூரிய முள் மாதிரியான குறிப்பு. வந்த வேகத்தில் போய்விடும். எனவே சிப் ஒரே ஓர் அளவீட்டை நம்பாமல், அடுத்தடுத்துப் பல அளவீடுகள் எல்லையைத் தாண்டி இருந்தால்தான் இயங்க வேண்டும். இதற்குப் பத்து, இருபது மில்லி வினாடி செலவாகும். இழுப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

இரண்டாவது திசை. ஊதினால் சவ்வு ஒரு பக்கம் போகும், இழுத்தால் மறுபக்கம். சிறு பிள்ளை வாயில் வைத்து ஊதினாலோ பாட்டை உள்ளே அழுத்தினாலோ வருவது தவறான திசை, அதைப் புறக்கணிக்கலாம். பாட்டைப் பிடுங்கும்போது வருவது சரியான திசை என்பதால் அதற்கு வேறு வழி வேண்டும்: பாட் தொடர்புமுனைகளைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா, காயிலின் மின்தடை வழக்கமான அளவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, செருகிய பிறகு சிறிது நேரம் எதற்கும் அசையாமல் இருக்க வேண்டும்.

மூன்றாவது, அடிமட்ட அளவு. மெதுவான நகர்வைச் சமாளிக்க, சிப் “அமைதியாக இருக்கும்போது எண் எவ்வளவு” என்பதை அவ்வப்போது புதுப்பித்துக்கொள்ளும். இழுப்பு என்பது அந்த அடிமட்டத்திலிருந்து விலகல். இதைச் செய்வது எளிதாகத் தெரியும், ஆனால் இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். மிக வேகமாகப் புதுப்பித்தால், நீண்ட இழுப்பையே “இதுதான் இயல்பு” என்று எடுத்துக்கொண்டு பாதியில் நிறுத்திவிடும். மிக மெதுவாகப் புதுப்பித்தால் வெப்பநிலை நகர்வு எல்லையைத் தாண்டிவிடும். காயில் எரிந்துகொண்டிருக்கும்போது அடிமட்டத்தைத் தொடவே கூடாது. எழுந்தவுடன் எடுக்கும் முதல் அளவு நம்பும் எல்லைக்கு வெளியே இருந்தால், அதை அடிமட்டமாக ஏற்காமல், “உணரி பழுது” என்று சொல்லி இயங்க மறுக்க வேண்டும். ஈரமான உணரியை அடையாளம் காண நல்ல வாய்ப்பு அதுதான்.

விலை கூடிய வடிவமைப்புகளில் இரண்டாவது சாட்சியும் இருக்கும். பாதையில் ஓர் அழுத்த உணரி, வெளியே இன்னொன்று. இரண்டையும் ஒப்பிட்டால் கார் கதவு, லிஃப்ட், சுரங்கத்தில் நுழையும் ரயில் எல்லாம் ஒரே நேரத்தில் இரண்டிலும் தெரியும், கழித்துவிடலாம். அல்லது வாய்ப்பகுதியில் தொடு உணரி வைத்து, உதடு படவும் வேண்டும், அழுத்தம் குறையவும் வேண்டும் என்று நிபந்தனை போடலாம். ஓடும் காரின் காற்றுக்கு உதடு இல்லை. தொடு உணரி மட்டும் போதாது, சட்டைப்பையில் உடம்புச் சூடும் வேர்வையும் அதையும் ஏமாற்றும். ஆனால் இரண்டு சாட்சியும் ஒரே நேரத்தில் பொய் சொல்வது அரிது.

இத்தனை நிரல் நுணுக்கம் இருந்தாலும், வில்லை நனைந்தால் எல்லாம் வீண். அதனால் மைக்கைத் திரவம் வழியும் பாதைக்கு நேர் கீழே வைக்காமல் பக்கவாட்டில் ஒதுக்குவது, நடுவே துளிகளைப் பிடித்து வைக்கப் பஞ்சு வைப்பது, காற்றை விட்டுத் திரவத்தை விடாத மெல்லிய சவ்வால் மூடுவது போன்ற சாதாரண வேலைகளுக்கு நான் முதல் மதிப்பெண் தருவேன். சில பைசாவில் முடிகிற வேலை, பல வரி நிரலைவிட அதிகம் காப்பாற்றுகிறது.

ஏமாந்துவிட்டால்?

நேர்மையான வடிவமைப்பு இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும். உணரி என்றாவது ஒருநாள் ஏமாறும். அன்று எவ்வளவு கெடுதல் நடக்கும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 500 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி, 3.7 வோல்ட். மொத்த ஆற்றல் ஏறக்குறைய 6,600 ஜூல். காயில் 10 வாட்டில் எரிந்தால் பதினோரு நிமிடம் தாங்கும். ஆனால் எந்த இழுப்பும் 10 வினாடிக்கு மேல் போகக் கூடாது என்று வெட்டு வைத்தால், ஒரு தவறுக்கு 100 ஜூலோடு முடிந்துவிடும். பெரும்பாலான கருவிகளில் 8 அல்லது 10 வினாடி வெட்டு இருக்கிறது, எல்.இ.டி. சில முறை சிமிட்டி நின்றுவிடும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. வெட்டிய பிறகு என்ன செய்கிறது? உணரி ஈரமாகி “இழுப்பு, இழுப்பு” என்று கத்திக்கொண்டே இருந்தால், மோசமாக எழுதிய சிப் ஒரு நொடி ஓய்ந்துவிட்டு மறுபடி 10 வினாடி எரியும், மறுபடி, மறுபடி. வெட்டு இருந்தும் பேட்டரி காலியாகும் வரை எரியும். சரியான முறை: ஒருமுறை வெட்டிவிட்டால், எண் அமைதி நிலைக்குத் திரும்பி, அங்கே கொஞ்ச நேரம் நின்றால்தான் அடுத்த இழுப்புக்கு அனுமதி. திரும்பவே இல்லையென்றால் கருவி பூட்டிக்கொள்ள வேண்டும். இந்த ஒரு நிபந்தனை இல்லாத வெட்டை நான் வெட்டு என்றே சொல்ல மாட்டேன்.

யாரும் இழுக்காதபோது எரிவது, இழுக்கும்போது எரிவதைவிட மோசமானது என்பதையும் கவனிக்க வேண்டும். இழுக்கும்போது பாயும் காற்று வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. பஞ்சில் ஈரம் இருக்கும் வரை வெப்பம் திரவத்தை ஆவியாக்கவே செலவாகும். வெப்பநிலை திரவத்தின் கொதிநிலையை ஒட்டியே நிற்கும். புரோப்பிலீன் கிளைக்கால் 188 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், கிளிசரின் 290-இல். காற்றோட்டம் இல்லாமல் தொடர்ந்து எரிந்தால் காயிலைச் சுற்றி ஈரம் வற்றிவிடும். அப்புறம் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. பஞ்சு கருகும், பிளாஸ்டிக் இளகும், ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சுகள் உண்டாகும். பக்கத்தில் பேட்டரி இருக்கிறது என்பதுதான் பெரிய கவலை.

சில கருவிகள் சூடாக்கும்போது காயிலின் மின்தடையைப் பார்த்து வெப்பநிலையைக் கணிக்கும். காற்றோட்டமே இல்லாமல் மின்தடை வழக்கத்தைவிட வேகமாக ஏறினால், அது மூச்சு அல்ல என்பதற்கு இன்னொரு சாட்சி. உடனே நிறுத்திவிடலாம்.

கடைசி அரண் வன்பொருள். காயிலுக்கு மின்சாரத்தைத் திறப்பதும் மூடுவதும் மாஸ்ஃபெட் என்ற குறைக்கடத்தி சுவிட்ச். அது கெட்டுப்போகும்போது பெரும்பாலும் மூடாமல், திறந்தபடியே கெட்டுப்போகும் குணம் கொண்டது. அப்போது சிப் “நிறுத்து” என்று சொன்னாலும் கேட்க ஆள் இல்லை. பேட்டரியின் பாதுகாப்புச் சுற்று காப்பாற்றாதா? அது குறுக்குச் சுற்று மாதிரியான பெரிய மின்னோட்டத்துக்காகக் காத்திருக்கும். காயில் வழக்கமாகவே இரண்டு மூன்று ஆம்பியர் எடுப்பதால், அதன் பார்வையில் எல்லாம் இயல்பாகவே இருக்கும். மின்னழுத்தம் வெகுவாகக் கீழே போன பிறகுதான் துண்டிக்கும். எனவே வரிசையில் இரண்டாவது சுவிட்ச் ஒன்றோ, சூடு ஏறினால் நிரந்தரமாக அறுந்துவிடும் வெப்ப உருகி ஒன்றோ இருக்க வேண்டும். மலிவான டிஸ்போசபிள்களில் நாம் எதிர்பார்க்க முடியாதது இதுதான்.

இவற்றையெல்லாம் சோதிக்கத் தர விதிகள் இருக்கின்றன. இ-சிகரெட்களின் மின் அமைப்புக்கென, பாதுகாப்புச் சோதனை நிறுவனமான யூ.எல்.-இன் 8139 என்ற தர விதி உண்டு. பேட்டரி, சூடேற்றும் பகுதி, சார்ஜ் செய்வது, எதிர்பாராத இயக்கம் எல்லாம் அதன் எல்லைக்குள் வரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ஆம் ஆண்டுப் புகையிலைப் பொருள் நெறிமுறை, குழந்தைகள் கைவைக்க முடியாதபடியும் உடையாமலும் கசியாமலும் இருக்க வேண்டும் என்கிறது. கசிவைத் தடுப்பதே தவறான இயக்கத்தையும் பாதி தடுக்கிறது என்பது மேலே படித்தவர்களுக்குப் புரியும்.

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017-இல் வெளியிட்ட அறிக்கை, 2009 முதல் 2016 வரை அந்நாட்டில் செய்திகளில் வந்த 195 இ-சிகரெட் தீ, வெடிப்புச் சம்பவங்களைத் தொகுத்தது. 133 பேர் காயமடைந்திருந்தார்கள். 61 சம்பவங்கள் கருவியோ தனிப் பேட்டரியோ சட்டைப்பையிலோ கால்சட்டைப் பையிலோ இருந்தபோது நடந்தவை. இவை எல்லாமே தானாக இயங்கியதால் வந்தவை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தனிப் பேட்டரியோடு சாவியும் சில்லறையும் உரசிக் குறுக்குச் சுற்று ஆவது வேறு வகை விபத்து. ஆனால் சட்டைப்பை பாதுகாப்பான இடம் அல்ல என்பதற்கு இந்த எண்ணிக்கை போதும்.

கையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

புது டிஸ்போசபிளில் காற்றுத் துளையையும் வாய்ப்பகுதியையும் அடைத்துச் சின்ன சிலிக்கோன் அடைப்பான்கள் வரும். லாரியிலும் விமானத்திலும் குலுங்கி வரும்போது உணரி ஏமாறாமல் இருக்கவே அவை. பிரித்தவுடன் தூக்கியெறியாமல் வைத்திருந்து, பையில் போடும்போது மாட்டுவது நல்லது. பாட் வகையென்றால் பயணத்தின்போது பாட்டைக் கழற்றித் தனியாக வைப்பது எல்லாவற்றையும்விட உறுதியான வழி: காயில் இல்லாவிட்டால் சூடேற எதுவும் இல்லை. செயலி மூலமோ வேறு முறையிலோ பூட்டும் வசதி இருந்தால் பயன்படுத்த வேண்டும். நிமிர்த்தி வைக்க முடிந்தால் நிமிர்த்தி வைக்கலாம். கசிவு மைக்கை நோக்கி வழியுமா, விலகி வழியுமா என்பது கருவிக்குக் கருவி மாறும், அதனால் வாய்ப்பகுதியையும் பாட் உட்காரும் குழியையும் அடிக்கடி மெல்லிய தாளால் துடைப்பதே நம்பகமானது. தண்ணீரில் கழுவக் கூடாது.

விமானத்தில் கைப்பையிலோ உடம்பிலோ மட்டும்தான் கொண்டுபோக வேண்டும், உள்ளே சார்ஜ் செய்யக் கூடாது. சில சமயம் கைப்பையைக் கடைசி நேரத்தில் விமான வாசலில் வாங்கிச் சரக்கில் போடுவார்கள். அப்போது வேப்பை வெளியே எடுத்துக்கொள்ள மறக்கக் கூடாது. சூடேற்றும் பகுதி தானாக இயங்காதபடி பயணியே ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதும் விதி. பேட்டரியைப் பிரிப்பது, உறையில் போடுவது, பூட்டுவது ஆகியவை அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமே தரும் எடுத்துக்காட்டுகள். சென்னையிலோ சிங்கப்பூரிலோ இறங்கப் போகிறவர்கள் கொண்டுவராமல் இருப்பதே ஒரே வழி.

தொடாமலே எல்.இ.டி. எரிவது, இழுத்து முடித்த பிறகும் சிறுசிறு சீறல் சத்தம் கேட்பது, சட்டைப்பையில் இருக்கும்போது இளஞ்சூடாக இருப்பது, சார்ஜ் வழக்கத்தைவிட வேகமாக இறங்குவது ஆகிய நான்கும் உணரி நனைந்திருக்கலாம் என்பதன் அறிகுறிகள். காய்ந்தால் சரியாகிவிடும் என்று பலர் ஒருநாள் ஒதுக்கிவைத்துவிட்டு மறுபடி எடுக்கிறார்கள். கிளைக்காலும் கிளிசரினும் தண்ணீரைப் போலக் காய்ந்து போகிறவை அல்ல. ஒருமுறை தானாக எரிந்த கருவியை நம்ப வேண்டாம்.

கண்ணெதிரே தானாக எரிய ஆரம்பித்தால், பாட் வகையில் உடனே பாட்டைப் பிடுங்கிவிட வேண்டும். பிரிக்க முடியாத வகையென்றால் துணி, காகிதம், மெத்தை எதுவும் பக்கத்தில் இல்லாத சிமெண்ட் தரையில், முடிந்தால் வீட்டுக்கு வெளியே வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். பேட்டரி புகையவோ எரியவோ தொடங்கிவிட்டால் இந்த அளவுச் சின்ன லித்தியம்-அயன் பேட்டரிக்கு நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பதே சரி. விமானப் பணியாளர்களுக்கும் அப்படித்தான் பயிற்சி தருகிறார்கள். தீ அடங்கிய பிறகும் உடனே கையில் எடுக்கக் கூடாது, உள்ளே சூடு இருந்தால் மறுபடி பற்றும். குப்பைத் தொட்டியில் போடவும் கூடாது. குப்பை லாரி அதை நசுக்கும்போது அடுத்த தீ அங்கே தொடங்கும். 2025 ஜூன் 1 முதல் பிரிட்டன் டிஸ்போசபிள் வேப் விற்பனையைத் தடை செய்ததற்குச் சொன்ன காரணங்களில், பேட்டரியோடு குப்பைக்குப் போகும் இந்தக் கழிவும் ஒன்று. பழைய பேட்டரி சேகரிக்கும் இடத்தில் ஒப்படைக்கும் வரை, உலோகப் பெட்டியிலோ மணல் போட்ட பாத்திரத்திலோ வெளியே வைத்திருக்கலாம்.